மிஸி பதில்கள்: ஒரே நாளில் மூணாறு

தேனிக்குப் போன இடத்தில் ஒரு நாள் மூணாறுக்கு ஏறி இறங்கியதைப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் பிடித்துக்கொள்ளும் இந்தப் பக்கத்தை இந்த மாதம் மூணாறு பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு வருடம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி வார்டுகளில் மிஸியாக ஓடியவளிடம் மலைக்கு வழி கேட்கிறீர்கள். சரி, கேளுங்கள்.

டிசம்பரில் தேனியில் உறவுக்காரர் கல்யாணம். கல்யாணத்துக்கு மறுநாள் ஒரே ஒரு நாள் கையில் இருக்கிறது. மூணாறையும் இரவிகுளம் தேசியப் பூங்காவையும் பார்த்துவிட்டு இரவே தேனிக்குத் திரும்ப முடியுமா? மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி. மகனுக்குக் காரில் ஏறினாலே வாந்தி.
வாசகி, கிள்ளான்

முடியும். ஆனால் விடியற்காலை நாலரைக்கு வண்டி தெருவைத் தாண்டியிருக்க வேண்டும். "ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கல்யாண வீட்டில் யாராவது கையைப் பிடித்தால் அன்றைய நாள் போச்சு. நாங்கள் அந்த இட்லியைச் சாப்பிட்டோம். கிளம்பும்போது மணி ஏழேகால்.

தேனியிலிருந்து மூணாறு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிரம்பானைத் தாண்டிக் கொஞ்சம் போகிற தூரம்தானே என்று கணக்குப் போடாதீர்கள். போடிநாயக்கனூர் வரை சமவெளி. அதற்குப் பிறகு போடிமெட்டுக்கு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் கேரளா. அப்புறம் பூப்பாறை வரை ஏலக்காய்த் தோட்டம், அங்கிருந்து தேவிகுளம் வழியாகத் தேயிலை. எப்படி ஓட்டினாலும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அதுவும் போதவில்லை. தமிழ்நாட்டு வாடகை வண்டி கேரளாவுக்குள் போகத் தனியாகப் பெர்மிட் போட வேண்டும். எங்கள் டிரைவர் தம்பி அதைப் போடாமலே வந்துவிட்டார். சாவடி ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சிக்னல் தேடி நடந்தார், நடந்தார், ஒரு மணி நேரம் நடந்தார். கீழே போடி சமவெளி முழுக்க வெயிலில் கிடந்தது. எங்களுக்கோ பல் கிட்டியது. வண்டி பேசும்போதே "கேரளா பெர்மிட் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். வாடகையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மூணாறு கடைத்தெருவுக்குப் போனபோது பதினொன்றே முக்கால். அங்கேயும் நேராகப் பூங்காவுக்குப் போயிருக்கலாம். தம்பி முதலில் ஒரு வாசனைப் பொருள் தோட்டத்தில் நிறுத்தினார், பிறகு ஒரு சாக்லேட் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் அவருக்குத் தனியாகத் தேநீர் கொடுத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பூங்காவுக்குச் சீட்டு வாங்கும் ஐந்தாம் மைலை அடைந்தபோது ஒன்றரை. வரிசையோ பத்துமலைப் படிக்கட்டு மாதிரி நீண்டிருந்தது. வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்கு ஏறி இறங்கியபோது மூன்றாகிவிட்டது. மலையைக் காணோம். எல்லாம் மூடுபனி.

ஆனாலும் ஒரு வரையாட்டைப் பார்த்தேன். தார்ச் சாலையின் ஓரத் திட்டில் நின்று, ஈரப் புல்லைப் பறித்து மென்றுகொண்டிருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் (தொடக்கூடாது, காவலர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்). வளர்ந்த கிடா. உடம்பு கரும்பழுப்பு, முதுகில் மட்டும் யாரோ குட்டிகூரா பவுடரைக் கொட்டிவிட்டுத் துடைக்க மறந்தது போல் வெளுப்பு. கொம்பு பின்பக்கமாக வளைந்து, வரிவரியாக. கண்ணின் பாவை நமக்குப் போல் வட்டமாக இல்லை, படுக்கை வசத்தில் ஒரு கோடு. அது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருபது நிமிடம் அதன் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இருபது நிமிடத்துக்காக மறுபடி போவேன், ஆனால் இட்லி சாப்பிடாமல்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். பூங்காச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். மூணாறு கடைத்தெருவில் நிற்காமல் நேராக ஐந்தாம் மைலுக்குப் போய்விடுங்கள். கடப்பிதழை மறக்காதீர்கள். நம் முகம் எவ்வளவு தமிழ் முகமாக இருந்தாலும் அவர்களுக்கு நாம் வெளிநாட்டவர்தான், கட்டணமும் அதற்கேற்றபடி கூடுதல். பிளாஸ்டிக் பையில் ரொட்டி, முறுக்கு எதுவும் வேண்டாம். காலையில் வானம் தெளிந்திருந்தால் ஆனைமுடியின் தோள் தெரியும். 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் அதைவிட உயரமான சிகரம் கிடையாது. உச்சிக்கு ஏற நமக்கு அனுமதி இல்லை, அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

மாமியாருக்கு: பேருந்து இறக்கிவிடும் இடத்துக்கு மேலே சாலை ஏற்றமாகப் போகிறது. தார்ச் சாலைதான், படிகள் இல்லை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் கத்தும், அதனால் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வரையாடு பல நேரம் கீழேயே வந்து நிற்கும்.

மகனுக்கு: முன் இருக்கை, வெறும் வயிறும் வேண்டாம், நிரம்பிய வயிறும் வேண்டாம். வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணிக்கு முன்பே கொடுங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். அளவை இங்கேயே ஃபார்மசியில் வயது சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அதோடு ஒரு பொட்டலம் அசாம்போய், உப்பும் புளிப்புமான அந்தக் காய்ந்த பிளம் பழம். எங்கள் காரில் 17 வளைவையும் தாண்ட வைத்தது அதுதான், டிரைவர் தம்பியே மூன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பதினொரு மணிக்குள் பூங்காவை முடித்துவிட்டால், சாப்பாட்டுக்குப் பிறகு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்கு நேரம் இருக்கும். திங்கட்கிழமை பூட்டியிருக்கும். மூன்றரைக்கு மலையை விட்டு இறங்கத் தொடங்குங்கள். இருட்டிலும் மூடுபனியிலும் அந்த வளைவுகள் வேண்டாம்.

மூணாறு என்ன, நம் கேமரன் மலை மாதிரிதானே? அதற்கு எதற்கு விமானம் ஏற வேண்டும்?
வாசகர், பட்டர்வொர்த்

தேயிலை மட்டும்தான் பார்க்க வேண்டுமென்றால் ஏற வேண்டாம், கேமரனே போதும். ஸ்ட்ராபெரியும் கிடைக்கும். ஆனால் இரவிகுளம் வேறு. நம் மலைகளில் உச்சி வரை காடு. கேமரனில் பிரிஞ்சாங் மலை மேலே பாசி பிடித்த மரங்களுக்கு நடுவேதான் நடப்போம். அங்கே மலை முழுக்கப் புல். மரங்கள் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் கொத்துக் கொத்தாக நிற்கின்றன, அதைத்தான் சோலை என்கிறார்கள். சோலை என்றால் பூங்கா என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். மழைத் தண்ணீரைப் புல்லும் சோலையும் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் அங்கே வெயில் காலத்திலும் ஓடை ஓடுகிறது.

உயரம்தான் உங்கள் கணக்கு என்றால் நம் கினபாலு 4,095 மீட்டர், ஆனைமுடி பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கினபாலுவில் வரையாடு இல்லை. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் அது உண்டு, அதிலும் இரவிகுளத்தில்தான் அதிகம். வரை என்றால் மலை. தமிழ்நாட்டு அரசின் மாநில விலங்கு அது, ஆனால் பெருங்கூட்டமாக வாழ்வது கேரளாவின் 97 சதுர கிலோமீட்டருக்குள். ஆட்டுக்கு எல்லைக்கோடு தெரியுமா என்ன.

தைப்பூசத்தைத் தண்ணீர்மலையில் முடித்துக்கொண்டு, பிப்ரவரி கடைசியில் பழனிக்குப் போகிறோம். அப்படியே மூணாறு போய் வரையாடு பார்க்கலாமா?
வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

மூணாறு போகலாம், வரையாடு பார்க்க முடியாது. அது குட்டி போடும் காலம். வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவைச் சாத்திவிடுவார்கள். மகப்பேறு வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் இந்த விதிக்கு என் முழு ஆதரவு உண்டு. பார்வையாளர் நேரம் என்று ஒன்று இல்லாவிட்டால் எந்தத் தாயும் தூங்க மாட்டாள்.

அந்த நாளை டாப் ஸ்டேஷனுக்குக் கொடுங்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணை, குண்டளை வழியாக 32 கிலோமீட்டர். பேரைக் கேட்டு ரயில் தேடாதீர்கள், முன்பு இருந்தது. மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகளைச் சின்ன ரயிலில் அங்கே கொண்டுவந்து, கம்பிவட வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு அனுப்பினார்கள். 1924 வெள்ளத்தில் தண்டவாளமும் பாலங்களும் போயின, அதோடு ரயிலும் போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் அங்கே பெரியவர்கள் இன்றும் அதைத் "தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்" என்றே சொல்கிறார்கள்.

நீலக்குறிஞ்சி எப்போது பூக்கும்?
வாசகர், காஜாங்

12 ஆண்டுக்கு ஒரு முறை. 2006, 2018, அடுத்தது 2030. 2018-இல் டிக்கெட் எடுத்து வைத்திருந்த என் தங்கை, ஆகஸ்ட் வெள்ளத்தில் மலைப் பாதைகள் உடைந்து போனதால் செந்தூலிலேயே உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தாள். 2030-இல் அவளுக்கு 68 வயது. இப்போதே நடைப்பயிற்சி தொடங்கியிருக்கிறாள்.

என் தாத்தா மூணாறுத் தோட்டத்தில் இருந்துவிட்டு மலாயாவுக்கு வந்ததாக அப்பா சொல்வார். அங்கே போனால் ஏதாவது தெரியவருமா? பெட்டிமுடி என்ற இடத்தையும் பார்க்க விரும்புகிறேன்.
வாசகர், ஈப்போ

தாத்தாவைத் தேட ஒரு நாள் போதாது ஐயா. கிளம்புவதற்கு முன் வீட்டில் உள்ள பழைய தாள்களில் தாலுகா, கிராமப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூணாறுத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிகள்தான் ஆள் கட்டிக் கொண்டுபோனார்கள். நம் பாட்டன்மாரை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றியதும் கங்காணிதான். மலாயாவுக்கு அப்படி உதவிப் பணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. தாத்தா தோட்டக்கூலியாக வந்தவர் என்றால் பெரும்பாலும் அதற்கு முன்னால் வந்திருப்பார். ஊர் பெயர் கிடைத்தால் மூணாறுக்குப் போவதைவிட அந்த ஊருக்குப் போவது பலன் தரும்.

பெட்டிமுடி ராஜமலைக்கு அப்பால் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்து அங்கே போகாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, நாள் கணக்காகப் பெய்த மழையில் மலை சரிந்து லயத்து வீடுகள் மேல் விழுந்தது. 70 பேர். எல்லாரும் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள், கயத்தாறுப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே இருந்த குடும்பங்கள் அதில் பல. மின்சாரமும் தொடர்பும் இல்லாததால் விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. நாங்கள் வரையாடு பார்த்து நின்ற இடத்திலிருந்து அது அவ்வளவு தூரம் இல்லை என்று காவலர் கை காட்டினார். காட்டிய பக்கம் வெறும் பனி. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நீங்களும் படம் எடுக்கும் இடமாக நினைத்துப் போக வேண்டாம். சொந்தம் தேடிப் போகிறவராகப் போனால் தோட்டத்து ஆட்களே வழி சொல்வார்கள்.

திரும்பும் வழியில் தேவிகுளத்துக்கு முன்னால் ஒரு பெட்டிக்கடையில் கட்டஞ்சாயா குடித்தோம், பால் ஊற்றாத தேநீர், நம் தே ஓ தான். வேலை முடிந்து ஓர் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடுப்பில் சுற்றிய தார்ப்பாய், கையில் கொழுந்து வெட்டுகிற கத்தரிக்கோல், அதன் ஒரு பக்கத்தில் கொழுந்து விழுந்து நிறையப் பெட்டி மாதிரி ஒரு தகரம். 2015-இல் 20 விழுக்காடு போனஸ் கேட்டு, தொழிற்சங்க ஆண்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மூணாறுச் சாலையை மறித்த பெண்களில் நீங்களும் உண்டா என்று கேட்டேன். "உண்டான்னு கேக்குறீங்களா? ஒம்பது நாளும் ரோட்லதான்" என்றார்.

"நீங்க எந்தத் தோட்டம்?" என்று அவர் கேட்டார். மலேசியா என்று சொல்லியும் கேள்வி அதுதான். நான் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம், பால்மரத் தோட்டம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மரத்தில் கோடு போட்டு, மங்கில், அதாவது சின்னக் கிண்ணத்தில், பால் எடுப்பது என்று கையால் வெட்டிக் காட்டினேன்.

"ஓ, ரப்பரா? அடிமாலிக்குக் கீழ நிறைய நிக்குதே," என்றார். பிறகு என் கையைப் பார்த்து, "நீங்க வெட்டுன கை மாதிரி தெரியலையே" என்றார். அம்மாதான் வெட்டினாள், நான் மங்கு துடைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். தேநீருக்கு அவரே காசு கொடுத்தார்.