மனசு ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்: கேள்வி பதில்

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பேசாமல் தியானத்தில் உட்கார்வோம். இருபது வருடமாக உட்கார்கிறவன் என்பதால் வந்த கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நான் குருவும் இல்லை, டாக்டரும் இல்லை.

முத்தியால்பேட்டை: கண்ணை மூடினால் கேஸ் சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ், பக்கத்து வீட்டுத் தகராறு எல்லாம் வரிசை கட்டி வருகிறது. எனக்கு இது வராதோ?

வரட்டுமே அக்கா. எண்ணத்தை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சிலிண்டர் வந்தால் ‘சிலிண்டர்’ என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். நாற்பது தடவை ஓடினால் நாற்பது தடவை திரும்புங்கள், அதுதான் பயிற்சி. எனக்கு இன்றைக்கும் மோட்டாரை நிறுத்தினேனா என்பதுதான் முதலில் வரும்.

கடலூர் முதுநகர்: சென்னையில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அம்மா இங்கே தனியாக. புத்தி போ என்கிறது, மனசு கேட்கவில்லை. தியானம் பண்ணினால் பதில் கிடைக்குமா அண்ணா?

பதில் கிடைக்காது தம்பி. கேள்வி கொஞ்சம் தெளியும்.

முதலில் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடி பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், மெதுவாக விடும்போது நிதானமாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. நீளமாக மூச்சை விட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். அப்புறம் ‘போகிறேன்’ என்று நினைத்துப் பாருங்கள். வயிறு பிசைகிறதா, தொண்டை அடைக்கிறதா? அதேபோல் ‘போகவில்லை’ என்றும். அடைப்பு அம்மாவை நினைத்தா, ஊர் என்ன சொல்லும் என்றா? இரண்டும் ஒரே இடத்தில்தான் அடைக்கும், பொறுமையாகப் பார்த்தால்தான் பிரியும்.

பிறகு ஒரு பேப்பர் எடுத்து சம்பளம், வாடகை, சனிக்கிழமை பஸ், மாத்திரை எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அது புத்தியின் வேலை. அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

மனசு சொன்னதெல்லாம் தெய்வவாக்கு என்று நம்பி நானும் ஒருமுறை ராத்திரி பதினொரு மணிக்கு ராஜினாமா கடிதம் அனுப்பினேன். காலையில்தான் தெரிந்தது, பேசியது மனசு இல்லை, மதியத்திலிருந்து சாப்பிடாத வயிறு.

நெல்லிக்குப்பம்: மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தைக் கவனிக்கிற பயிற்சி, வெளிநாட்டுச் சரக்குதானே?

பேக்கிங் அங்கே போட்டது. 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலிருந்து இது ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியது. அவர் எடுத்துக்கொண்டது பௌத்தத்திலிருந்து.

நமக்கு வடலூர் பக்கத்திலேயே இருக்கிறது. தைப்பூசத்தன்று ஞான சபையில் ஏழு திரையும் விலகி ஜோதி தெரியும்போது, அவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் அடங்கும். வள்ளலார் சபையைத் திறந்தது 1872இல். தருமசாலையில் அடுப்பு மூட்டியது அதற்கு முன்பே, 1867இல். முதலில் சோறு, பிறகு ஜோதி. ராஜினாமா விவகாரத்துக்குப் பிறகு எனக்கு இந்த வரிசை மேல் தனி மரியாதை.

பாகூர்: தரையில்தான் உட்கார வேண்டுமா? முட்டி வலி.

நாற்காலி போதும். பாதம் தரையில் படட்டும்.

வில்லியனூர்: கண்ணை மூடினாலே படபடப்பு, பழைய சம்பவங்கள் வருகின்றன.

அப்படியென்றால் மூடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடரவும் வேண்டாம். கண் திறந்தபடி நடங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். படபடப்பு தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

லாஸ்பேட்டை: வீட்டில் டிவி சத்தம். எங்கே போய் உட்காருவது?

அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதி இருக்கும் முற்றம். மரத்தடி, பூ வாசனை, யாரும் பேசமாட்டார்கள். இல்லாவிட்டால் பீச் ரோடு, விடியற்காலையில், வண்டிகள் விடுவதற்கு முன்னால். பாறையில் உட்காரும்போது மட்டும் ஜாக்கிரதை, பாசி வழுக்கும். போன வாரம்தான் ஒரு செருப்பைக் கடலுக்குக் கொடுத்தேன்.