எண்ணினாலும் அதே பதில்!

கேள்வி: ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஆறு புளியங்கொட்டைகளை நெருக்கி ஒரு வரிசை, தள்ளித் தள்ளி இன்னொரு வரிசை வைத்தால், எண்ணிப் பார்த்த பிறகும் நீள வரிசையில்தான் அதிகம் என்கிறான் ஒரு பையன். மந்தமா?

பதில்: மந்தமெல்லாம் இல்லை டீச்சர், வயது அப்படி! சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இப்படித்தான் சோதித்தார். ஏழு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் கண்ணில் படும் ஒன்றை, இங்கே நீளத்தை, மட்டும் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள் என்றார். அவர் பிள்ளைகளைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னதும் சரிதான், ஏனென்றால் ஒரே கேள்வியைப் பெரியவர்கள் மறுபடி கேட்டாலே முதல் பதில் தப்போ என்று பிள்ளை மாற்றிச் சொல்லிவிடும் (நம் வகுப்பிலும் நடப்பதுதானே). அதனால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். கொட்டைகளை அவனே நகர்த்தி ஜோடி சேர்க்கட்டும், அப்புறம் காரணம் கேளுங்கள்.