38 வயதில் நேர்சிங் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. யாழ்ப்பாணத்தில் ஏஎல் (உயர்தரம்) கலைப்பிரிவில் படித்தேன். திருமணமாகி லண்டன் வந்து 12 வருடமாகிறது, ஐஎல்ஆர் (நிரந்தர வதிவிட அனுமதி) கிடைத்துவிட்டது. ஹரோவில் ஒரு கெயார் ஹோமில் பகுதி நேரமாக வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்கு 13, 9 வயது. கணவருக்குப் பெரும்பாலும் இரவு வேலை. நேர்ஸாக வேண்டும் என்பது பழைய ஆசை. இந்த வயதில் எடுப்பார்களா? விஞ்ஞானம் படிக்காததால் முடியாதா? செலவுக்கு என்ன வழி? எங்கே தொடங்குவது?

பதில்: வயதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நேர்சிங் பட்டப்படிப்புக்கு இங்கே மேல் வயதெல்லை கிடையாது. வாழ்க்கைச் செலவுக்கான லோனுக்கு 60 வயது என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். எல்லாம் முடிந்து பதிவு கிடைக்கும்போது உங்களுக்கு 43 ஆகலாம். இன்றைய சட்டப்படி உங்கள் அரச ஓய்வூதிய வயது 68. இடையில் 25 வருட வேலைக்காலம் இருக்கிறது. உறவுக்காரர் யாராவது "இனி என்ன படிப்பு" என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

வயது வந்த பிறகு படிக்க வருகிறவர்களை இடையில் நிறுத்த வைப்பது பெரும்பாலும் நேரம்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மற்றக் கேள்விகள்.

ஐஎல்ஆர் இருப்பது பெரிய பலம். படிப்பு தொடங்குவதற்கு முன் மூன்று வருடம் இங்கே வழமையாக வசித்திருந்தால் உள்ளூர் கட்டணம், அரச லோன் இரண்டும் கிடைக்கும். இதை வாசிக்கும் வேறு சிலர் கணவரின் அல்லது மனைவியின் வேலை விசாவில் துணையாக வந்திருப்பீர்கள். அந்த நிலையில் பொதுவாக லோன் கிடையாது, கட்டணமும் வெளிநாட்டு மாணவர் கட்டணம். ஐஎல்ஆர் வரும்வரை கீழே சொல்லும் கணிதம், ஆங்கிலத்தை முடித்து வைத்திருங்கள்.

ஏஎல் கலைப்பிரிவு என்பது தடையல்ல. விஞ்ஞானத்தை இங்கேயே படித்துக்கொள்ளலாம். அதற்காக இருப்பதுதான் அக்செஸ் டு ஹையர் எடியுகேஷன் டிப்ளோமா. பள்ளியை விட்டுப் பல வருடமானவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் படிப்பு அது. மொத்தம் 60 கிரெடிட், அதில் 45 மூன்றாம் நிலை, அதாவது ஏஎல் அளவு. அந்த 45க்குத்தான் பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் போடுவார்கள். நேர்சிங்குக்கான அக்செஸில் மனித உயிரியல், உளவியல், கட்டுரை எழுதும் முறை எல்லாம் வரும். பெரும்பாலும் ஒரு வருடம். அதன் கட்டணத்துக்கு அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் எடுக்கலாம். பிறகு பட்டப்படிப்பை முடித்தால் அந்த லோனின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். பட்டப்படிப்பு வரை போகாமல் விட்டால் கடன் நிற்கும்.

உங்களைத் தடுக்கக்கூடியது கணிதமும் ஆங்கிலமும். பல்கலைக்கழகங்கள் ஜிசிஎஸ்இயில் (இங்கே பிள்ளைகள் 16 வயதில் எழுதும் பரீட்சை) 4 அல்லது பழைய சி தரம் கேட்கும். சில இடங்களில் அதற்குப் பதிலாக பங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற நடைமுறைக் கணித, ஆங்கிலத் தகுதியின் இரண்டாம் நிலையை ஏற்பார்கள், சில இடங்களில் ஏற்கமாட்டார்கள். இலங்கை ஓஎல் (சாதாரண தரம்) சான்றிதழைச் சில இடங்களில், வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிட்டுச் சொல்லும் யூகே எனிக் நிறுவனத்தின் கடிதத்தோடு பார்ப்பார்கள். அதனால் நீங்கள் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் மூன்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதுங்கள்: என்னிடம் இன்ன வருட ஓஎல், ஏஎல் சான்றிதழ் இருக்கிறது, கணிதத்தில் இன்ன தரம், இதை ஏற்பீர்களா, இல்லையென்றால் எதை எழுத வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் ஒருவர் "பிரச்சினை இல்லை" என்று சொன்னது அடுத்த வருடம் வேறொருவருக்குத் தெரியாது. இந்தத் தகுதி இல்லாத, 19 வயது தாண்டியவர்களுக்கு இங்கிலாந்தில் கணிதமும் ஆங்கிலமும் இலவசம். உங்கள் உள்ளூராட்சி மன்றத்தின் முதியோர் கல்வி வகுப்புகளில் கேளுங்கள்.

இதில் ஒரு நேரச் சிக்கல் உண்டு. அக்செஸ் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். அடுத்த வருடப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பம், யுகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக, ஜனவரி நடுவுக்குள் போக வேண்டும்; பிந்தினால் இடம் மிச்சமுள்ள படிப்புகளுக்குத்தான் பார்ப்பார்கள். அதாவது அக்செஸில் சேர்ந்து நான்கு மாதத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கணிதமும் கையில் இல்லையென்றால் இரண்டு பக்கமும் இழுபடும். கணிதத்தை முதல் வருடத்திலேயே முடித்துவிட்டு அக்செஸுக்குப் போங்கள். ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. நம்முடைய ஆட்களுக்குள்ளேயே "லோன் எடுத்துத் தருகிறேன், கிழமைக்கு இரண்டு நாள் போனால் போதும்" என்று ஆள் சேர்க்கும் ஏஜென்ட்மார் இருக்கிறார்கள். அவர்கள் சேர்த்துவிடுவது பெரும்பாலும் பிசினஸ் அல்லது ஹெல்த் அண்ட் சோஷல் கெயார் பட்டம். பெயரில் ஹெல்த் இருப்பதால் அது நேர்சிங் ஆகிவிடாது. அந்தப் பட்டத்தோடு நேர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில், அதாவது என்எம்சியில், பதிய முடியாது. பதிவில்லாமல் நேர்ஸாக வேலை செய்யவும் முடியாது. சேர முன் என்எம்சி இணையத்தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலைத் தேடுங்கள். அதில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்க வேண்டும். ஏற்கனவே வேறு பட்டத்துக்கு லோன் எடுத்து முடித்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். இரண்டாவது பட்டத்துக்கு லோன் இல்லை என்ற விதியில் நேர்சிங்குக்கு விலக்கு இருக்கிறது.

இனிப் பணம். 2025-26இல் இங்கிலாந்தில் வருடக் கட்டணம் 9,535 பவுண் வரை. அது லோனாக நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதோடு குடும்ப வருமானத்தைப் பார்த்து வாழ்க்கைச் செலவு லோன். இவற்றைவிட நேர்சிங் மாணவர்களுக்கு என்எச்எஸ் லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட் என்று ஒன்று இருக்கிறது. வருடம் 5,000 பவுண், திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை, கணவரின் சம்பளத்தைப் பார்க்கமாட்டார்கள். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒன்றாவது உங்கள் பொறுப்பில் இருந்தால் மேலும் 2,000. உங்கள் படிப்பு முடியும்வரை சின்னவர் அந்த எல்லைக்குள் இருப்பார் போலத் தெரிகிறது. பிளேஸ்மென்ட்டுக்கு, அதாவது வார்டு போன்ற இடங்களில் செய்யும் நேரடிப் பயிற்சிக்கு, போய்வரும் மேலதிகப் பயணச் செலவையும் அங்கே கேட்டு வாங்கலாம். ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். பிள்ளை பராமரிப்புக்குப் பதிவு பெற்றவரிடம் விட்டால், வருமானத்தைப் பொறுத்துச் செலவில் 85 சதவீதம் வரை தரும் சைல்ட்கெயார் கிராண்ட் தனியாக இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் எடுக்கிற குடும்பமென்றால் மட்டும் கவனம்: வாழ்க்கைச் செலவு லோனை அவர்கள் வருமானமாகக் கணக்கிடுவார்கள். சேர முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடன் என்றால் நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆனால் இந்தக் கடன் வங்கிக் கடன் போல நடப்பதில்லை. வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். 40 வருடத்தில் மிச்சம் அழிந்துவிடும். 2025-26இல் புதிதாகச் சேரும் நேர்ஸின் பேண்ட் 5 (என்எச்எஸ் சம்பளப் படிநிலை) சம்பளம், லண்டன் படி சேர்க்காமல், 31,049 பவுண். அதற்கு மாதம் 45 பவுண் அளவு பிடிபடும். லண்டன் படி சேரும்போது இன்னும் கொஞ்சம் கூடும். வட்டிக் கடன் வேண்டாம் என்று சமய நம்பிக்கையால் நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கீழே சொல்லும், சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே படிக்கும் அப்ரென்டிஸ் வழிதான் சரி.

இப்போது நேரம். என்எம்சி விதிப்படி பட்டப்படிப்பு 4,600 மணித்தியாலம். அதில் பாதி, 2,300, பிளேஸ்மென்ட். ஒரு பகுதியைச் சிமுலேஷனில், அதாவது நோயாளி இல்லாத மாதிரிச் சூழலில், செய்ய அனுமதி பெற்ற இடங்களும் உண்டு, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். வார்டில் ஒரு நீண்ட சிஃப்ட் காலை 7.30 முதல் இரவு 8 வரை. இடைவேளையைக் கழித்தால் பதினொன்றரை மணித்தியாலம். 2,300ஐ அதால் வகுத்துப் பாருங்கள்: 200 சிஃப்ட். மூன்று வருடத்தில் 200 நாள் நீங்கள் விடிய ஆறரைக்கு வீட்டிலிருந்து இறங்கி இரவு ஒன்பதுக்கு வருவீர்கள். அதில் சனி, ஞாயிறும் இரவுகளும் இருக்கும், ஏனென்றால் நோயாளியின் 24 மணித்தியாலத்தையும் மாணவர் பார்க்க வேண்டும் என்பது விதி. சம்பளம் கிடையாது. எங்கே போடுவார்கள், எந்த நேரம் என்று சில கிழமைக்கு முன்தான் தெரியவரும்.

உங்கள் வீட்டில் சிக்கல் இரண்டு இடத்தில் வரும். கணவர் இரவு வேலை முடிந்து வருவதற்குள் நீங்கள் கிளம்ப வேண்டும். மாலையில் நீங்கள் வருவதற்குள் அவர் கிளம்ப வேண்டும். பள்ளி ஆஃப்டர் கிளப் ஆறு மணிக்கு மூடினால் அதற்குப் பிறகு யார்? 13 வயதுப் பிள்ளையிடம் சின்னவரை ஒப்படைப்பதை ஒரு திட்டமாக வைக்காதீர்கள். அவசரத்துக்கு ஒரு நாள் வேறு, மாதக்கணக்கில் வேறு. கணவர் தன் சிஃப்டை மாற்ற முடியுமா, பிளேஸ்மென்ட் மாதங்களில் மட்டுமாவது முடியுமா என்று இப்போதே இருவரும் இருந்து கதையுங்கள். ஒரு தாளில் ஒரு கிழமையை எழுதி, மூன்று நீண்ட சிஃப்டைப் போட்டு, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பிள்ளை யாரிடம் என்று பெயர் எழுதுங்கள். இரண்டாவது பெயரும் எழுதுங்கள், முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்று. "எப்படியோ சமாளிக்கலாம்" என்று தொடங்கியவர்கள்தான் இரண்டாம் வருடத்தில் தடுமாறுவதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். படிப்பு ஏறாமல் விட்டவர்கள் குறைவு.

படிப்பிலும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மருந்துக் கணக்குப் பரீட்சையில் தேர்ச்சி மதிப்பெண் நூற்றுக்கு நூறு. ஒரு லீற்றர் திரவம் எட்டு மணித்தியாலத்தில் போக வேண்டும், மணிக்கு எத்தனை மில்லிலீற்றர் என்பது போன்ற கேள்விகள். 125 என்று வர வேண்டும், 120 என்று வந்தால் தோல்விதான். இது பயிற்சியில் வரும், பயப்பட வேண்டாம். கஷ்டமானது தொலைபேசி. வயதான நோயாளி ஒருவருக்கு, நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்-2 அட்டவணையில் மூச்சு, ஒட்சிசன், இரத்த அழுத்தம், நாடி, உணர்வுநிலை, வெப்பம் எல்லாம் எழுதிக் கூட்டினால் 7 வருகிறது என்று வையுங்கள். அவசரம். டாக்டரைக் கூப்பிட்டு, என்ன நடக்கிறது, நோயாளி எதற்காக வந்தவர், நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்று நான்கு படியில், ஒரு நிமிடத்துக்குள், தடுமாறாமல் சொல்ல வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நம் பெண்கள்கூட இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். உங்கள் கெயார் ஹோமில் ஜிபிக்கோ (குடும்ப டாக்டர்) 111க்கோ (என்எச்எஸ் ஆலோசனை எண்) போன் எடுக்க வேண்டி வந்தால், மனேஜரிடம் கேட்டு நீங்கள் எடுங்கள். இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சம்பளம் இல்லாமல் மூன்று வருடம் முடியாது என்றால் மாற்று வழி இருக்கிறது. மருத்துவமனைகளை நடத்தும் என்எச்எஸ் ட்ரஸ்ட் ஒன்றில் ஹெல்த்கெயார் அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்து, அங்கிருந்து நேர்சிங் அசோசியேட் ஆகலாம்; அது அசிஸ்டன்ட்டுக்கும் நேர்ஸுக்கும் இடைப்பட்ட நிலை. இரண்டு வருடப் பயிற்சி, சம்பளத்தோடு, இங்கிலாந்தில் மட்டும். 2019இலிருந்து இதற்கும் என்எம்சி பதிவு உண்டு. பேண்ட் 4. பிறகு இன்னும் படித்து நேர்ஸ் ஆகலாம். நேரே நேர்சிங் டிகிரி அப்ரென்டிஸ் எடுக்கும் ட்ரஸ்டுகளும் உண்டு, பொதுவாக நான்கு வருடம். கட்டணமும் லோனும் இல்லை; மேலே சொன்ன 5,000, 2,000 பவுணும் கிடைக்காது. குறை என்னவென்றால் உங்களைத் தேர்ந்தெடுப்பது வேலை தருபவர். இடம் கொஞ்சம், போட்டி அதிகம், எந்த வருடம் உங்கள் முறை வரும் என்று சொல்ல முடியாது. உங்கள் விவரத்தைப் பார்த்தால், கணவர் சம்பளம் வீட்டு வாடகைக்குப் போதுமென்றால், நான் அக்செஸ் வழியைத்தான் சொல்வேன். அது உங்கள் கையில் இருக்கும் வழி.

விண்ணப்பத்தில் "சிறுவயதிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்று எழுதாதீர்கள். வாசிப்பவர் அன்றைக்கே அதை இருபது தடவை பார்த்திருப்பார். கெயார் ஹோமில் ஒருவர் சாப்பிட மறுத்தபோது நீங்கள் என்ன கவனித்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், என்ன மாறியது என்று எழுதுங்கள். பெயர், அறை எண், இடம் எதுவும் வேண்டாம்; இரகசியம் காக்கத் தெரியுமா என்பதையும் அங்கேயே பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும்போதே பெரியோர், சிறுவர், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் யோசிக்காமல் பெரியோர் என்று போடுகிறார்கள். மனநலத்தையும் ஒரு தடவை யோசியுங்கள். அதற்கும் கற்றல் குறைபாட்டுக்கும் வருடம் 1,000 பவுண் கூடுதலாகக் கிடைக்கிறது. அதைவிட, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடும் நம் ஊர் அம்மாமாருக்குத் தமிழ் தெரிந்த ஒரு மனநல நேர்ஸ் கிடைப்பது அரிது.

இலங்கையில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். சேரும்போது உடல்நலப் பரிசோதனையில் கேட்பார்கள், இல்லையென்றால் இரத்தப் பரிசோதனை செய்து தேவையானதை மறுபடி போடுவார்கள். குற்றப் பதிவுச் சோதனையும் உண்டு. பழைய சிறு விஷயம் ஏதாவது இருந்தால் மறைக்காமல் முதலே சொல்லிவிடுவது நல்லது.

படித்து முடித்ததும் வேலை நிச்சயமா என்று கணவர் கேட்பார். முன்பு போல "நேர்ஸுக்கு எங்கேயும் வேலை" என்று நான் சொல்லமாட்டேன். 2025இல் புதிதாக முடித்த பலர் தங்கள் பகுதியில் முதல் பேண்ட் 5 இடம் கிடைக்காமல் அலைந்தார்கள், அரசாங்கமே அதற்கு ஒரு திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. அதனால் மூன்றாம் வருடக் கடைசிப் பிளேஸ்மென்ட்டை ஒரு நேர்முகத் தேர்வாகவே எடுங்கள். நல்ல வார்டாக இருந்தால் மனேஜரிடம் இடம் வருமா என்று கேளுங்கள். பதிவு எண் வரும்வரை காத்திராமல், முடிப்பதற்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். படிப்பு முடியும் மாதத்தைக் குறிப்பிட்டு மாணவர்கள் விண்ணப்பிப்பது இங்கே வழமைதான்.