எல்.இ.டி. விளக்கை நாமே அமைக்கும்போது: கேள்வி-பதில்

கேள்வி: மீட்டருக்கு 60 விளக்குள்ள 5050 வகை (5 மி.மீ. சதுர விளக்கு) எல்.இ.டி. ஸ்ட்ரிப், அதாவது விளக்குப் பட்டை, 5 மீட்டர் வாங்கி, வீட்டில் கிடந்த 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் இணைத்தேன். விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அடாப்டரில் கை வைக்க முடியவில்லை. ஸ்ட்ரிப் பழுதா?

பதில்: இல்லை. அந்த வகை மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் என்பதை உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். 5 மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியர். இந்தச் சுமையை 2 ஆம்பியர் அடாப்டர் எப்படித் தாங்கும்? உடனே கழற்றிவிட்டு, 7.5 அல்லது 8 ஆம்பியர் உள்ளதை வாங்குங்கள். உறையைப் படிக்காமல் பொருளின் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: வெள்ளை எல்.இ.டி. ஒன்றை 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தேன். ஒரு நொடி எரிந்து அணைந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: அவர் மறுப்பது சரிதான். அதற்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் 20 மில்லி ஆம்பியரும் போதும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 330 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைத் தொடரில் சேர்த்திருக்க வேண்டும்.

கேள்வி: 'சுத்தமான செம்பு' என்று விற்ற 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 6 மீட்டர் இழுத்து ஸ்ட்ரிப்பை இணைத்தேன். வெளிச்சம் மங்கல். நுனியைச் சீவினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அது அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்திய ஒயர். அசல் செம்பில், போகவர 12 மீட்டருக்குச் சுமார் 0.14 ஓம் தடை. 6 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் குறையும். இந்தப் போலியில் ஏறத்தாழ 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. அத்தகைய ஒயரை அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். செம்பு என்று பொய் சொல்லிச் செம்பின் விலையை வாங்குவது பட்டப்பகல் கொள்ளை. எனக்கும் அப்படி ஒரு சுருளை விற்றார்கள்; திருகில் இறுக்கும்போது இழைகள் ஒவ்வொன்றாக ஒடிந்து விழுந்தன. பணம் போவதோடு முடிகிற விஷயமும் அல்ல இது. அலுமினியம் திருகின் கீழ் நாளடைவில் தளர்ந்து, இணைப்பு சூடேறி, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எனவே ஒயர் வாங்கும்போது கடையிலேயே ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளும் புறமும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, அதுவும் நல்ல சரக்கே. பில்லில் 'செம்பு' என்று எழுதி வாங்குங்கள். உங்களிடம் பில் இருந்தால், சீவிய துண்டோடு போய் முழுப் பணத்தையும் கேளுங்கள்; மறுத்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: ஸ்ட்ரிப்பை விரும்பிய இடத்தில் வெட்டலாமா?

பதில்: வெட்டுக்குறி உள்ள இடத்தில் மட்டும்.

கேள்வி: டப்பாவில் 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. மூடிய மரப்பெட்டிக்குள் பொருத்தினேன்; ஆறே மாதத்தில் பாதி வெளிச்சம் போய்விட்டது.

பதில்: அந்த எண் பொதுவாக, வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் வரையுள்ள காலத்தைக் குறிக்கிறது, சூடு வெளியேற வழி இருந்தால்தான் அதுவும் கிடைக்கும். அடுத்த ஸ்ட்ரிப்பை அலுமினியச் சட்டத்தில் ஒட்டுங்கள். ஆயினும், எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு நிபந்தனையை எங்குமே சொல்லாமல் விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.