சட்டம், குற்றம், நீதி: விழாவுக்கு முன் வந்த கேள்விகள்

திருகோணமலையில் எங்கள் சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் சட்டம், குற்றம், நீதி பற்றி ஒரு நாள் மக்கள் விழா நடத்தப்போகிறார்கள். மாதிரி வழக்கு, கண்காட்சி, ஆலோசனை மேசை என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக (சாட்சி சொல்வதை மன்றுக்கு மொழிபெயர்க்கும் உத்தியோகத்தராக) இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், ஊர்க்காரரின் கேள்விகள் என்னிடம் வந்தன. சட்டத்தரணி அல்லன் நான். உங்கள் சொந்த வழக்குக்குச் சட்டத்தரணியிடம்தான் போகவேண்டும்.

ஐயா, சட்டத்துக்கு எதற்கு விழா? (உப்புவெளி)

நம்மவர்கள் நீதிமன்ற வாசலை மிதிப்பது அழைப்பாணை வந்தால், இல்லையென்றால் வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால். அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையில் ஏறாது. பயமில்லாத ஒரு நாளில், பிள்ளை குட்டிகளோடு வந்து கேட்டால் ஏறும்.

மாதிரி வழக்கில் ஜூரி வைக்கலாமா? படத்தில் காட்டுவது போல 12 பேரா? (இளைஞர் குழு)

வையுங்கள் தம்பி, ஆனால் ஏழு பேர். இலங்கையில் ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, என்றால் ஏழு பேர்தான், அதுவும் மேல் நீதிமன்றத்தில் நடக்கும் பாரதூரமான வழக்குகளில் மட்டும். ஏழில் ஐந்து பேராவது ஒரு முடிவில் நிற்கவேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று எந்த மொழி ஜூரி என்பதை எதிரியே (குற்றஞ்சாட்டப்பட்டவரே) தெரிவு செய்யலாம். இப்போது ஜூரி வழக்குகள் அரிது, பெரும்பாலும் நீதிபதி தனியாகவே விசாரிக்கிறார். நாடகத்துக்கு ஜூரிதான் நல்லது. பார்க்க வந்தவர்களிலிருந்தே ஏழு பேரை மேடையில் ஏற்றுங்கள். கதை முழுக்கக் கற்பனையாக இருக்கட்டும். நடந்துகொண்டிருக்கும் எந்த வழக்கையும் தொடவேண்டாம்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனேன். சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டேன். சரியா? (மூதூர், ஓர் அம்மா)

விழாவில் வேறு எதையும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லவேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைப் பாருங்கள். நீங்கள் வாயால் சொல்வதை, நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், உங்கள் மொழியில் நீங்களே எழுதித் தரும்படி அந்த உத்தியோகத்தர் கேட்கவேண்டும்.

நடைமுறை என்ன? நீங்கள் அழுது அழுது அரை மணி நேரம் சொல்வீர்கள். பெரிய பதிவுப் புத்தகத்தில் அது அரைப் பக்கமாகச் சுருங்கும். திகதி மாறியிருக்கும், ஆளின் பெயர் விடுபட்டிருக்கும். மூன்று வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறி நின்று உண்மையைச் சொல்வீர்கள். எதிரியின் சட்டத்தரணி எழுந்து, "பொலிஸில் இப்படிச் சொல்லவில்லையே, பிறகு சேர்த்த கதைதானே?" என்று கேட்பார். அந்த இடத்தில் எத்தனையோ நல்ல சாட்சிகள் தடுமாறிப்போனதை மன்றில் நின்று பார்த்தவன் நான்.

ஆகவே அம்மா, நடந்ததை முதலில் வீட்டில் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஏற்கெனவே வைத்தது பிழையாக இருந்தால், மேலதிக வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். விழாவில் இதற்கென்றே ஒரு மேசை போட்டு, ஆளுக்கொரு தாளும் பேனையும் கொடுத்து எழுதிப் பழக்கவேண்டும் என்பது என் ஆசை.

பிடித்துக்கொண்டு போனால் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? (பாலையூற்று)

சாதாரணச் சட்டத்தில், பிடியாணை இல்லாமல் கைதுசெய்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இதையெல்லாம் புரட்டிப்போட்டது. தற்காலிக ஏற்பாடு என்று பெயர் வைத்து 1979இல் கொண்டுவந்தார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அதற்கு மேற்பட்டவர்களும் எடுக்கும் ஒப்புதலை அது சான்றாக ஏற்றது. தடுத்துவைக்கும் காலம் 18 மாதம் வரை இருந்து, 2022 திருத்தத்தில் 12 மாதமானது. எத்தனை இளைஞர்களின் வயது அதில் போனது என்று நம் ஊரில் கேட்டால் தெரியும்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். காணி உறுதி (பத்திரம்) என்னிடம் இருக்கிறது. (தம்பலகாமம்)

கைகலப்பு வரும் நிலை என்றால் பொலிஸ் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றத்துக்கு அறிக்கை போடும். அங்கே உறுதியை விட, காணி யார் கையில் இருந்தது என்பதே பெரிது. அறிக்கை போட்ட நாளுக்கு முன் இரண்டு மாதத்துக்குள் உங்களை வெளியேற்றியிருந்தால், திரும்ப ஒப்படைக்கச் சொல்லலாம். அதனால் சும்மா இருந்து நாளைக் கடத்தவேண்டாம் அண்ணா. காணி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில்.

கணவன் அடிக்கிறார். அவரைச் சிறைக்கு அனுப்ப மனமில்லை, அடி நின்றால் போதும். (பெயர் வேண்டாம்)

தங்கச்சி, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்காகவே வந்தது. நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், உங்கள் சார்பில் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. அடிக்கக் கூடாது, வீட்டுக்குள் வரக் கூடாது என்றுகூட மன்று சொல்லலாம். அது தண்டனை அல்ல. அவர் கட்டளையை மீறினால்தான் குற்றம். இன்றைக்கே யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளை களவெடுத்தால் வழக்கு உண்டா? (நிலாவெளி, ஆசிரியை)

12 வயதுக்குக் கீழே குற்றப் பொறுப்பு இல்லை. 2018 வரை அந்த எல்லை எட்டு வயதாக இருந்தது. 12க்கும் 14க்கும் இடையில், பிள்ளைக்கு விளங்கும் பக்குவம் இருந்ததா என்று நீதவான் பார்ப்பார்.

2006 கடற்கரைக் கொலையைக் கண்காட்சியில் வைக்கலாமா? சிலர் வேண்டாம் என்கிறார்கள். (விழாக் குழு)

வையுங்கள். 2006 ஜனவரி 2 அன்று காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில் சந்தேக நபர்கள் 13 பேரும் போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். முக்கிய சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டே போயிருந்தார்கள். 1996 பெப்ரவரி 11 குமாரபுரம் படுகொலையையும் பக்கத்தில் வையுங்கள். அந்த வழக்கு அனுராதபுரத்துக்குப் போய், 2016இல் ஜூரியின் முடிவோடு இராணுவத்தினர் ஆறு பேர் விடுதலையானார்கள். சாட்சிப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்ததே 2015இல்தான். இவற்றை மூடிவைத்துவிட்டு நீதி பற்றி விழா எடுத்தால் ஊர் நம்பாது. ஆனால் குடும்பத்தாரிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்ற படம் ஒன்றுகூடச் சுவரில் ஏறக்கூடாது.

ஆலோசனை மேசைக்கு யாரைக் கூப்பிடலாம்? செலவு? (விழாக் குழு)

சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கடிதம் போடுங்கள். வசதியில்லாதவர்களுக்கு உதவத்தான் 1978இல் அதை அமைத்தார்கள். மத்தியஸ்த சபை உறுப்பினர் ஒருவரையும் கூப்பிடுங்கள். அங்கே சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அறிவித்தல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். சிங்களப் பகுதியை அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறேன்.