கால்சட்டைப் பையில் அடங்குவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் சிறிய இந்திய மளிகைக் கடை நடத்துகிறேன். சுடுபயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்த பிறகுதான் இதைக் கேட்கும் தைரியம் வந்தது. தமிழில் கதை எழுதுகிறவரிடம் போய் இதைக் கேட்கிறானே என்று சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இரவு ஒன்பதரைக்குக் கடையைச் சாத்திவிட்டு, அன்றைய வசூலை எடுத்துக்கொண்டு நானே காரில் போய் வங்கியின் இரவுப் பெட்டியில் போடுகிறேன். சென்ற மாதம் எங்கள் கடைவரிசையில் இன்னொருவரை வாகன நிறுத்தத்திலேயே மடக்கிப் பணத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து என் மனைவிக்குச் சரியான தூக்கமில்லை. கிரீன் கார்டு வாங்கி இரண்டு வருடமாகிறது, ஆகையால் துப்பாக்கி வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை என்கிறார்கள். வெளியே தெரியாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும்படி, நம்பகமான சின்ன பிஸ்டல் எது? ரூகர் எல்சிபி போதும் என்கிறார் ஒரு நண்பர். மனைவியும் ஒன்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா? கை சிறியதாக இருப்பவர்களுக்குச் சின்னத் துப்பாக்கிதான் சுலபம் என்று துப்பாக்கிக் கடையில் சொன்னார்கள். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் கரூரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார்கள்.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கவில்லை. கடிதத்தில் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. கை சிறியதென்றால் சின்னத் துப்பாக்கிதான் சுலபம் என்று அந்தக் கடையில் சொன்னார்களே, அது. பெண் ஒருவர் உள்ளே நுழைந்ததுமே ஊதா நிறத்தில் ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைக்கும் பழக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கடையிலேயே சுடக் கடினமானது அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் நண்பர் சொல்லும் எல்சிபி ஏறக்குறைய 270 கிராம். உங்கள் கடையில் கால் கிலோ காப்பித்தூள் பொட்டலம் இருக்குமே, அதைக் கையில் தூக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான். தோட்டா வெடிக்கும்போது எழும் உதையை வாங்கிக்கொள்ள அந்த எடைதான் இருக்கிறது, மிச்சமெல்லாம் உங்கள் மணிக்கட்டுக்கு வரும். பிடியில் இரண்டு விரல்தான் உட்காரும், சுண்டுவிரல் காற்றில் தொங்கும். பழைய எல்சிபியில் குறிபார்க்கும் முள் மிளகளவுகூட இல்லை. பையில் வைப்பதற்குச் சுகமாக இருக்கும் எல்லாமே சுடும்போது தொல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம்பகமானது எது என்ற கேள்விக்கு என் கதையையே சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன் நானும் இதேபோல ஒரு குட்டி பிஸ்டல் வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் நாள் மூன்றாவது மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டியில், சிக்கிக்கொண்டது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழாமல், குழலுக்கு மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் இடுக்கில் மாட்டி, கூரைமேல் புகைபோக்கி நிற்பதுபோலச் செங்குத்தாக நின்றது. எடுத்துவிட்டுச் சுட்டேன், மறுபடியும் அதே. ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் பெரியவர் வந்தார், எழுபது வயதிருக்கும். துப்பாக்கியை வாங்கி ஏழு தோட்டாவையும் தடையில்லாமல் சுட்டுவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் மணிக்கட்டை மட்டும் இரண்டு விரலால் தட்டிவிட்டுப் போனார்.

பரிசலில் நின்று கரைக்குத் தாவியிருக்கிறீர்களா? கரூர்க்காரருக்குக் காவிரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பரிசலை யாராவது பிடித்துக்கொண்டால் கரையில் நிற்பீர்கள், பிடிக்காவிட்டால் அது பின்னால் நழுவ, நீங்கள் தண்ணீரில். பிஸ்டலின் ஸ்லைடும் அப்படித்தான். அது முழுத் தூரம் பின்னால் போய்த்தான் வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்ற முடியும். அதற்குத் துப்பாக்கியின் உடல் அசையாமல் நிற்க வேண்டும். பெரிய துப்பாக்கி தன் எடையாலேயே பாதி நின்றுவிடும். குட்டித் துப்பாக்கிக்கு உங்கள் மணிக்கட்டுதான் அந்தப் பரிசலைப் பிடிக்கும் ஆள். மணிக்கட்டு தளர்ந்தால் எத்தனை டாலர் கொடுத்து வாங்கியதும் சிக்கும். ஆகையால் எந்தக் குட்டித் துப்பாக்கியையும் அட்டைப்பெட்டியில் இருக்கும்போது நம்பகமானது என்று என்னால் சொல்ல முடியாது. என் கணக்கு இது: அதே துப்பாக்கி, அதே மேகசின்கள், உங்கள் கை, 200 தோட்டா. அதில் 50 நீங்கள் உண்மையில் பையில் வைத்திருக்கப்போகும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறைகூடச் சிக்காமல் ஓடினால் பையில் போடுங்கள். துப்பாக்கியின் விலையோடு அந்தத் தோட்டாச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

தோட்டா அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்சிபி போன்றவை சுடுவது .380 என்ற அளவுத் தோட்டா. ஜான் பிரௌனிங் 1908இல் கொண்டுவந்தது. 9 மில்லிமீட்டர் தோட்டாவின் அதே விட்டம்தான், கூடு மட்டும் 19க்குப் பதில் 17 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் ‘9 மி.மீ. ஷார்ட்’ என்பார்கள். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றது பிரௌனிங் வடிவமைத்த, இந்தத் தோட்டாவைச் சுடும் சின்ன பிஸ்டல்தான். இது விளையாட்டுச் சாமானில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனாலும் பலவீனம் உண்டு. 1986இல் மயாமியில் நடந்த மோதலில் எஃப்பிஐ தன் ஆட்கள் இருவரைப் பறிகொடுத்தது. பிறகு அவர்கள் வகுத்த சோதனையில் தோட்டா, சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினுக்குள் குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும். குட்டைக் குழலிலிருந்து வரும் .380 குழிமுனைத் தோட்டாக்களில் (பட்டதும் விரியும்படி முனையில் குழி வைத்தவை) பல, விரிந்தால் அந்த ஆழத்துக்குப் போவதில்லை, ஆழம் போனால் விரிவதில்லை. இரண்டையும் செய்பவை மிகச் சில.

குட்டித் துப்பாக்கிகளுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், அளவில் சிறிய கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்ய முடியாதபடி மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர்பெற்ற ஜெர்மன் பிஸ்டலான வால்தர் பிபிகேயே அதில் தேறவில்லை. அந்த நிறுவனம் பெரிய அண்ணனான பிபியின் உடலில் பிபிகேயின் ஸ்லைடைப் பொருத்தி, பிபிகே/எஸ் என்று பெயர் வைத்து உள்ளே அனுப்பியது. வெளிநாட்டுச் சரக்கு நின்றதும் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றிச் சில தொழிற்சாலைகள் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி மலிவு பிஸ்டல்களைச் செய்து குவித்தன. இன்றும் அடகுக் கடைகளில் அவை கிடக்கின்றன. விலையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தை மாநிலங்கள் வரிசையாகத் தாராளமாக்கிய பிறகுதான் நல்ல நிறுவனங்கள் இந்த அளவில் அக்கறை காட்டின. 1999இல் கெல்டெக் பி-32, 2008இல் எல்சிபி, 2014இல் குளோக் 42, 2018இல் சிக் பி365. இவற்றில் கடைசியானது முழு 9 மில்லிமீட்டர், பத்துத் தோட்டா. பின்னே வந்தவற்றை எளிதாகச் சுடலாம், ஆனால் பையில் இருப்பது தெரியும். பழைய எல்சிபி மலிவாகக் கிடைத்தால் வரிசை எண்ணைப் பாருங்கள். 370 என்று தொடங்குபவை கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று நிறுவனமே 2008இல் திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்த துப்பாக்கிதானா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர். ஐந்தே தோட்டா, .38 ஸ்பெஷல், நானூறு கிராமுக்குச் சற்று மேல். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பைத்துணியில் மாட்டாது. ஸ்லைடு இல்லை, ஆகவே பரிசல் கதையும் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை (டிரிகரை) இன்னொருமுறை இழுத்தால் அடுத்தது வரும். எல்சிபியில் அந்த இடத்தில் ஸ்லைடைப் பின்னால் இழுத்தாக வேண்டும், பயந்து நடுங்கும் கைக்கு அது பெரிய வேலை. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விசை கனம், இழுக்க ஐந்தரைக் கிலோ அழுத்தம் வேண்டும். ஐந்து தோட்டா முடிந்தால் கதை முடிந்தது. வீரியம் கூடிய தோட்டாவைப் போட்டால் உள்ளங்கை எரியும். தட்டைமுனை ‘வாட்கட்டர்’ தோட்டா என்று கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்காக வந்த சாது தோட்டா, உதை குறைவு, ஆழமும் போகும். ரிவால்வர் பிடிக்கவில்லையென்றால் குளோக் 42. எல்சிபியைவிட 120 கிராம் கூடுதல், அந்த 120 கிராம் செய்யும் வேலையைச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுடும் வசதி ஹூஸ்டன் பகுதிக் கூடங்கள் பலவற்றில் இருக்கிறது.

பை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, பேனா, எதுவும். சாவியின் முனை விசைக்கூட்டுக்குள் நுழைந்தால் போதும். விசையை முழுதாக மூடும் பையுறை ஒன்று வாங்குங்கள், வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்தால்தான் எடுக்கும்போது உறை பையிலேயே நிற்கும். வாரம் ஒருமுறை எடுத்துத் துடைக்க வேண்டும். முதல் வருடம் ஒருநாள் தோட்டாக்களை எடுத்துவிட்டு என் பிஸ்டலின் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே சாம்பல் நிறத்தில் மெழுகிவிட்டாற்போல இருந்தது. பழனியிலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலம் பைக்குள்ளேயே பிரிந்திருக்கிறது.

இனி நீங்கள் கேட்காதது. கடிதத்தை மறுபடி வாசித்தேன். பணத்தோடு நீங்கள் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் முன்பைக்குள் கையை விட்டு எதையாவது எடுத்துப் பாருங்கள், கைக்குட்டையைக்கூட எடுக்க முடியாது. நின்றுகொண்டிருக்கும்போது பைத்துப்பாக்கிக்கு ஒரு வசதி உண்டு, யாருக்கும் சந்தேகம் வராமல் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கலாம். உங்களுக்கு ஆபத்து உள்ள இடங்கள் கடைக் கதவும் வங்கிப் பெட்டியும், இரண்டிலும் ஒரு கையில் பணப்பை, இன்னொரு கையில் சாவி. ஆகவே துப்பாக்கிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒன்பதரைக்குப் போவதை நிறுத்துங்கள். பகலில், நாளுக்கொரு நேரத்தில், இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்குள் ஒரு இரும்புப் பெட்டியைத் தரையோடு பதியுங்கள். கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், ஒருநாள் வசூலுக்காக ஒருவரோடு துப்பாக்கியால் பேச நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலே மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனாலும் உரிமம் எடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, மாநில உரிமம் இருப்பவருக்கு விலக்கு. எந்தத் தெருவில் கார் ஓட்டினாலும் ஒரு பள்ளிக்கூடம் வந்துவிடுகிறதே. நான்கு முதல் ஆறு மணிநேர வகுப்பு, 3, 7, 15 கெஜத் தூரங்களில் மொத்தம் 50 தோட்டா, 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அந்தத் தேர்வை நீங்கள் வாங்கப்போகும் குட்டித் துப்பாக்கியாலேயே எழுதிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

உங்கள் மனைவியின் கைப்பை: வேண்டாம். 2014 டிசம்பர் கடைசியில் இடாஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில் ஒரு பெரிய கடைக்குள், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அம்மாவின் கைப்பையிலிருந்து பிஸ்டலை எடுத்துவிட்டான். அந்தப் பை துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்தது. அம்மா அங்கேயே இறந்தார். கைப்பையை நாம் தரையில் வைக்கிறோம், நாற்காலியில் மாட்டுகிறோம், பாப்பாவிடம் பிஸ்கெட் எடுத்துக்கொள் என்று கொடுக்கிறோம். அவருக்குத் துப்பாக்கி வேண்டுமென்றால் இடுப்பில், அவர் உடம்போடு. அதுவும் கைக்கு நன்றாக அடங்கும் நடுத்தர அளவில் ஒன்றால் சுடக் கற்றுக்கொண்ட பிறகு. அவருக்கு உண்மையில் வேண்டுமா என்று அவரையே கேட்டீர்களா? கடிதத்தில் அவர் குரல் கேட்கவில்லை.

பெற்றோர். விசிட்டர் விசாவில் வருகிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம், எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்கும் அப்படியே. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, உங்கள் அப்பா கரூரிலிருந்து மான் வேட்டைக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். ஆகவே ‘அப்பா, பிடித்துப் பாருங்கள்’ என்று கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் குளிக்கப் போகும்போது கால்சட்டையைக் கொடியில் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், அம்மா அதை எடுத்துத் துவைக்கப் போடுவார். 17 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் தனிக் குற்றம். எண்களை அழுத்தித் திறக்கும் சிறு இரும்புப் பெட்டி கிடைக்கிறது. அலமாரியில் மேல்தட்டில், சுவரோடு திருகி வையுங்கள். துப்பாக்கிக்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிடட்டும்.

வாடகைத் துப்பாக்கிகளைச் சுட்டுவிட்டு, எது எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது என்று எழுதுங்கள். 642இன் விசை உங்கள் மனைவிக்கு எப்படி இருந்தது என்பதையும், முடிந்தால் அவரே எழுதட்டும்.

அன்புடன்.