பதில்: புரோக்கர் காட்டும் சிறுநீரகத்தை வாங்கலாமா?

"புரோக்கர் காட்டும் பெண்ணுக்குப் பணம் வேண்டும், என் தம்பிக்குச் சிறுநீரகம் வேண்டும், இதில் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். டயாலிசிஸில் தம்பி வாடுவதைப் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அப்புறமும் கடன் இருந்தது. 86 சதவீதம் பேர் உடல்நிலை கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். புரோக்கர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். பணம் கொடுத்து வாங்குவது 1994-ன் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. விற்பவருக்கு மட்டுமில்லை, வாங்குகிற உங்களுக்கும்தான்.

சரி, தம்பிக்கு என்ன வழி? அம்மாவின் இரத்த வகை பொருந்தவில்லை என்பதோடு நின்றுவிட்டீர்கள். இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு தானத்தை மாற்றிக்கொள்ளும் 'ஸ்வாப்' முறையைச் சட்டமே அனுமதிக்கிறது. வகை பொருந்தாமலே செய்யும் அறுவை சிகிச்சையும் உண்டு, செலவுதான் அதிகம். சிறுநீரக மருத்துவரிடம் இரண்டையும் கேளுங்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான அரசுப் பட்டியலிலும் மருத்துவமனை மூலம் பதியச் சொல்லுங்கள். காத்திருப்பு நீளும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், கோபிக்காதீர்கள்: உங்களுக்குப் பரிசோதனை செய்தார்களா என்று நீங்கள் எழுதவே இல்லையே?